வெள்ளரி: உணவாகக் கொள்வோம், மருந்தாக அன்று



மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் வெள்ளரிப் பிஞ்சுகள் கூடை கூடையாக வந்து இறங்கிவிடும். அறுவடை முடிந்த வயல்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் விளைந்து, கோடை முழுவதும் ஏழை எளியோரும் வாங்கி உண்ணத்தக்க விலையில் கிடைப்பது வெள்ளரி. காயை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி, பேருந்துச் சன்னலுக்கு நீட்டுகின்ற கைகளை நாம் அனைவரும் அறிவோம்.

இத்துணை எளிய காயைக் குறித்து நம் இல்லங்களில் ஒன்றுக்கொன்று மாறான இரு கருத்துகள் நிலவுகின்றன. "வெள்ளரி உண்டால் சளி பிடிக்கும்" என்று கூறிக் குழந்தைகளின் கையிலிருந்து அதைப் பிடுங்குவோர் ஒருபுறம். "வெள்ளரிச் சாறு பருகினால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அடியோடு அகலும்" என்று கைப்பேசியில் வந்த செய்தியை ஊரெல்லாம் பரப்புவோர் மறுபுறம். முன்னவர் நல்ல உணவொன்றை வீணே இழக்கின்றனர். பின்னவரோ அதனினும் பெரிய இழப்புக்கு ஆளாகக்கூடும். ஆகவே, இம்மாதம் வெள்ளரிக்காய் உடலுக்குச் செய்வது யாது, செய்ய இயலாதது யாது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வெள்ளரியின் பிறப்பகம்

வெள்ளரி நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த காய் அன்று. அதன் பிறப்பகம் இந்தியாவே என்பது தாவரநூல் அறிஞர்தம் முடிவு. இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு இனம் இன்றும் காணப்படுகிறது. அதன் காய் மிகச் சிறியது, கடுங்கசப்பு உடையது. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கசப்புக் குறைந்த காயின் விதையையே தெரிந்தெடுத்து விதைத்து வந்ததன் பயனே நாம் இன்று உண்ணும் வெள்ளரி. சுரை, பூசணி, புடல், பாகல் ஆகியன இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. முலாம்பழமும் கக்கரியும் மிக நெருங்கிய உறவினர்.

பாலைநிலத்தில் நடந்து களைத்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் தாங்கள் உண்ட மீனையும், அதற்கு அடுத்தபடியாக வெள்ளரிக்காயையும் நினைத்து ஏங்கியதை எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்குக் குறிக்கப்பெறுவது இன்றைய வெள்ளரி அன்று, நம் கக்கரியை ஒத்த நீண்ட காயே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எதுவாயினும், வெயிலில் வாடியவர் நாவும் உடலும் நீர்ச்சத்துள்ள காயையே நாடும் என்பது அன்றும் இன்றும் பொருந்தும் உண்மை.

உள்ளே இருப்பது யாது?

தோலுடன் கூடிய வெள்ளரிக்காய் 100 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீரே. எஞ்சியவற்றுள் மாவுப்பொருள் 3.6 கிராம், நார்ச்சத்து அரைக் கிராம், பொட்டாசியம் 147 மில்லிகிராம், வைட்டமின் சி 3 மில்லிகிராமுக்கும் குறைவு, வைட்டமின் கே 16 மைக்ரோகிராம். உடலுக்கு அது அளிக்கும் ஆற்றல் 15 கலோரி மட்டுமே. அதே எடையுள்ள சோறு ஏறத்தாழ 130 கலோரி அளிக்கிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. தோலைச் சீவிவிட்டால் நார்ச்சத்தும் வைட்டமின் கே சத்தும் மேலும் குறைந்துவிடும்.

இக்கணக்கு நமக்கு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. வெள்ளரி சத்துகளின் சுரங்கம் அன்று. முருங்கைக் கீரையும் கொய்யாவும் அளிக்கும் சத்துகளை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. ஆயினும், நீர் மிகுதியும் ஆற்றல் குறைவும் ஆகிய அந்த எளிமையே அதன் நன்மைக்கு அடிப்படை.

கோடையும் நீர்ச்சத்தும்

இருநூறு கிராம் வெள்ளரி உண்பவர் ஏறக்குறைய ஒரு குவளைத் தண்ணீரை உணவின் வழியே பெறுகிறார். தாகம் எடுத்தாலும் தண்ணீர் பருக மறந்துவிடும் முதியோர்க்கும், விளையாட்டில் தண்ணீரையே நினையாத சிறுவர்க்கும் இது பெருந்துணை. உடலில் நீர் குறையாதிருந்தால் சிறுநீர் தடையின்றிப் பிரியும்; மலச்சிக்கல் தணியும்; சிறுநீரகத்தில் கல் உண்டாகும் வாய்ப்பும் குறையும். வெள்ளரி சிறுநீரைப் பெருக்கும் என்று நம் முன்னோர் கூறியதன் அடிப்படையும் இதுவே.

ஆயினும், இங்கு ஓர் எல்லையை அறிதல் வேண்டும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் வெளியேறுகிறது. வெள்ளரியில் தண்ணீர் உண்டே தவிர, உப்புச்சத்து மிகமிகக் குறைவு. 100 கிராமுக்கு 2 மில்லிகிராம் சோடியமே உண்டு. எனவே, நாள் முழுதும் வெயிலில் உழைப்பவர்க்கு வெள்ளரியோடு மோரும் கஞ்சியும் வேண்டும். வயிற்றுப்போக்கினால் வாடும் குழந்தைக்கு வெள்ளரிச் சாறு கொடுத்துக் காலம் கடத்துதல் பேராபத்து. அந்நிலையில் தேவைப்படுவது உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். வெயிலில் மயங்கி விழுந்து, உடல் கொதித்து, நினைவு தடுமாறுகிறவரை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நினைவு தெளியாதவர் வாயில் எந்தச் சாற்றையும் ஊற்றற்க.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும்

நீரிழிவு உள்ளவர் அச்சமின்றி உண்ணத்தக்க காய்களுள் வெள்ளரியும் ஒன்று. அதில் மாவுப்பொருள் குறைவாதலின் இரத்தச் சர்க்கரையை அது விரைந்து உயர்த்துவதில்லை. மாலையில் பசி எழும்போது பஜ்ஜியும் மிக்சரும் உண்பதற்கு மாற்றாக வெள்ளரித் துண்டுகளை உண்டால் நன்மையே. ஆனால், "சர்க்கரையை உயர்த்தாத உணவு" என்பது ஒன்று. "சர்க்கரையைக் குறைக்கும் மருந்து" என்பது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே துன்பம் பிறக்கிறது.

நோயுற்றோரைக் காணச் செல்லும்போது நாம் கண்ட ஒரு முதியவரை இங்குக் குறிப்பிடுதல் தகும். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வந்தவர் அவர். யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் காலையும் மாலையும் வெள்ளரிச் சாறே பருகி வந்தார். முதலில் உடல் இலேசானது போல் தோன்றிற்றாம். பின்னர்க் காலில் உண்டான சிறு புண் ஆறவில்லை. வீட்டார் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது காலம் கடந்திருந்தது. இரு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "சாமி, காய்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்" என்றார் அவர். அவர் கூற்று உண்மையே. காய் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை செய்ய வேண்டியதையும் அது செய்யவில்லை.

இரத்தக் கொதிப்பைக் குறித்தும் இவ்வாறே தெளிவு வேண்டும். காய்கறிகளும் பழங்களும் மிகுந்த உணவு இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. அமெரிக்க ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட 'டாஷ்' எனும் ஆய்வில், காய், பழம், கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றை மிகுதியாகக் கொண்ட உணவு, மேல் அழுத்தத்தைச் சராசரியாக 5.5 அளவு குறைத்தது. ஆனால், அது முழு உணவு முறையின் பயனேயன்றி ஒரு காயின் பயன் அன்று. வெள்ளரியிலுள்ள பொட்டாசியமே கொதிப்பை நீக்கிவிடும் என்பாரும் உளர். பெரியவர்க்கு நாள்தோறும் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். வெள்ளரியினின்றே அதனைப் பெற விரும்பினால் நாளொன்றுக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும்! கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றோடு வெள்ளரியும் தன் பங்கைச் செலுத்தட்டும். முழுச் சுமையையும் அதன்மேல் ஏற்றற்க.

"உணவே மருந்து" என்று நம்மவர் கூறுவது நல்ல சொல்லே. நாள்தோறும் ஒழுங்காக உண்ணும் உணவு நோய் வராமல் காக்கும் என்பதே அதன் பொருள். வந்துவிட்ட நோய்க்கு மருத்துவர் அளித்த மருந்தைக் குப்பையில் எறிந்துவிட்டு ஒரு காயைக் கையில் எடுக்கலாம் என்பது அதன் பொருள் அன்று.

உடல் எடை குறைய

எடை மிகுந்தோர்க்கு வெள்ளரி நல்ல துணைவன். வயிற்றை நிரப்பும், ஆற்றலை மிகையாகச் சேர்க்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உணவுக்கு முன் எண்ணெய்ப்பசை குறைந்த பச்சைக் காய்க்கலவையை நிரம்ப உண்டவர்கள், அவ்வேளை உணவில் கொள்ளும் மொத்தக் கலோரி 12 விழுக்காடு குறையக் கண்டனர். இதனை நம் வீட்டிலும் கைக்கொள்ளலாம். சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் வெள்ளரி உண்டு, அதன்பின் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்க. வழக்கம்போல் சோறு முழுவதையும் உண்டு, அதன்மேல் வெள்ளரியையும் உண்டால் எடை குறைவது எங்ஙனம்?

வெள்ளரித் துண்டுகளை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துப் பருகினால் உடலின் நச்சுகள் நீங்கும் என்பது இன்று பரவியுள்ள மற்றொரு வழக்கம். கழிவுகளை அகற்றும் பணியை ஈரலும் சிறுநீரகமும் இடையறாது செய்துவருகின்றன. அப்பணியை வெள்ளரித் தண்ணீர் ஏற்றுக்கொள்வதில்லை. எனினும், முந்நூறு மில்லிலிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ முப்பது கிராம் சர்க்கரை அடங்கியுள்ளதை எண்ணினால், அதனை விடுத்து இத்தண்ணீரைப் பருகுவோர் நன்மையையே தேர்ந்துகொண்டனர் எனலாம்.

நன்மையைக் கெடுக்கும் உப்பு

சோடியம் மிகக் குறைந்த காயின்மேல் உப்பை அள்ளித் தடவி உண்பது நம் வழக்கம். நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. குழம்பிலும் பொரியலிலும் ஊறுகாயிலும் அவ்வளவைக் கடந்துவிடும் நமக்கு, வெள்ளரியின்மேல் தடவும் உப்பு மிகையே. இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர் உப்பில்லாமலோ, எலுமிச்சைச் சாறும் மிளகுத் தூளும் தூவியோ உண்ணப் பழகுதல் நலம்.

உப்புநீரில் ஊறிய வெள்ளரி வகைகளுக்கும் இது பொருந்தும். 'கெர்கின்' எனும் சிறு வெள்ளரி தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் விளைவிக்கப்பெற்று, பதப்படுத்தப்பட்டுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அது உழவர்க்கு வருவாய் தருவது மகிழ்ச்சியே. ஆயின், அவ்வாறு ஊறிய காய் 100 கிராமில் சோடியம் 800 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். அதனை ஊறுகாயாகக் கருதிச் சிறிதளவே உண்க. பச்சை வெள்ளரிக்கு ஈடாகக் கருதற்க.

கசக்கும் காயை எறிந்துவிடுக

வெள்ளரியின் காம்புப் பக்கம் சிலவேளை கசப்பதை அறிவோம். 'குக்கர்பிட்டசின்' எனப்படும் பொருள்களே அதற்குக் காரணம். தம்மைப் பூச்சிகளும் விலங்குகளும் தின்னாதவாறு காத்துக்கொள்ள இக்குடும்பத்துச் செடிகள் அவற்றை உண்டாக்குகின்றன. தண்ணீர்ப் பற்றாக்குறையாலும் கடுவெயிலாலும் செடி வாடும்போது கசப்பு மிகும். காம்பு முனையிலும் தோலுக்கு அடியிலும் அது செறிந்திருக்கும். முனையை வெட்டித் தேய்த்து நுரை வரச் செய்வது நம் தாய்மாரின் வழக்கம். முனையை வெட்டி எறிவது நன்றே. ஆனால், தேய்ப்பதனால் காய் முழுவதிலும் உள்ள கசப்பு வெளியேறிவிடும் என்று எண்ணற்க. எஞ்சிய பகுதியும் கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிடுக. சமைத்தாலும் அப்பொருள் அழிவதில்லை.

இது வெற்றச்சம் அன்று. 2010ஆம் ஆண்டு தில்லியில், வெள்ளரியின் குடும்பத்தைச் சேர்ந்த சுரைக்காயின் கசப்பான சாற்றைப் பருகிய அறிவியலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வல்லுநர் குழுவொன்றை அமைத்து ஆராய்ந்து, கசப்பான சுரைச் சாற்றை எவரும் பருகலாகாது என எச்சரித்தது. "மருந்து கசக்கத்தான் செய்யும்" என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தலே இங்குக் கேடு. கடைகளில் கிடைக்கும் வெள்ளரியில் இக்கசப்பு பெரும்பாலும் மிகக் குறைவே. எனினும், சாறு பிழியுமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பது அறிவுடைமை. கசந்த சாற்றைப் பருகியபின் வாந்தியோ வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

கழுவி உண்க

பச்சையாக உண்ணும் காயாதலின் வெள்ளரிக்குத் தூய்மை முதன்மையானது. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு வெள்ளரி வழியாகப் பரவிய 'சால்மொனெல்லா' கிருமியால் 907 பேர் நோயுற்றனர்; அறுவர் உயிரிழந்தனர். 2024இல் மீண்டும் அதே கிருமியால் அங்கு 551 பேர் துன்புற்றனர். மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமிகள் தோலில் ஒட்டிக்கொள்ளும். கத்தி அவற்றைச் சதைக்குள் கொண்டுசெல்லும். ஆகையால், தோல் சீவுவதாயினும் முதலில் ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தெருவில் வாங்கும்போது, ஏற்கெனவே கீறி ஈக்கள் மொய்க்க வைத்திருக்கும் துண்டுகளைத் தவிர்த்து, முழுக் காயாக வாங்கி வீட்டில் கழுவி உண்க. அரிந்ததை நெடுநேரம் வெளியே வைத்திருத்தலும் கூடாது.

கிருமியைப் போலவே வதந்தியும் பரவும் என்பதற்கும் வெள்ளரியே சான்று. 2011 மே மாதம் செருமனியில் கொடிய 'ஈ. கோலை' நோய் பரவியபோது, எசுப்பானிய வெள்ளரியே காரணம் என்று அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். ஐரோப்பியச் சந்தைகளில் வெள்ளரி விலைபோகாமல் குவிந்து அழுகிற்று. சூன் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்நோய் முளைகட்டிய வெந்தயத்தின் வழியே பரவியது என்று கண்டனர். காய்கறி உழவர்க்கு இழப்பீடாக ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்கிற்று. நன்மையாயினும் தீமையாயினும், கேட்டவுடனே நம்பிப் பரப்புதல் பிறர்க்கு எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை இதனால் அறியலாம்.

சளி பிடிக்குமா? யார் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்?

சளியும் தடுமலும் நுண்கிருமிகளால் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பரவுபவை. வெள்ளரியால் உண்டாவன அல்ல. ஆதலின், குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மிகச் சிறு குழந்தைகளுக்கு மட்டும் தொண்டையில் சிக்காதவாறு துருவியோ மெல்லியதாகச் சீவியோ கொடுத்தல் வேண்டும்.

சிறுநீரகம் பழுதுற்றுத் தண்ணீரை அளந்து பருகுமாறு அறிவுறுத்தப்பட்டோர், வெள்ளரியிலுள்ள நீரையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாதிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை உட்கொள்வோர், வைட்டமின் கே உள்ள உணவுகளைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் ஒரே அளவாக உண்ணுதல் நலம். வெள்ளரி உண்டால் வயிறு உப்புசம் காண்போர் குறைத்து உண்க. வாயில் அரிப்போ உதட்டில் வீக்கமோ தோன்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண்க.

இல்லத்தில் கைக்கொள்ளத்தக்கவை

நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ணல் வேண்டும் என்பது பொதுவிதி. அதில் நூறோ நூற்றைம்பதோ கிராம் வெள்ளரியாக இருக்கலாம். மற்றவை கீரை, அவரை, காரட்டு, கொய்யா எனப் பலவாக இருத்தல் வேண்டும். பிஞ்சாயின் தோலுடன் உண்க. முற்றியதாயின் தோலையும் கடின விதையையும் நீக்கிக் கூட்டாகவோ மோர்க்குழம்பாகவோ சமைத்திடுக. தயிர்ப்பச்சடிக்கு அரிந்து கலந்தவுடனே பரிமாறுக. உப்பைக் கடைசியில் சிறிதளவு சேர்த்தால் நீர் விட்டுக்கொள்ளாது, உப்பும் குறையும். முழுக் காயைக் குளிர்ப்பெட்டியில் நெடுநாள் வைக்கற்க. மிகு குளிரில் அது நீர்த்துக் குழைந்துவிடும். இரண்டு மூன்று நாள்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குக.

அன்பர்களே, வெள்ளரி நமக்குக் கிடைத்த நல்லதோர் உணவு. தாகம் தணிக்கும், வயிற்றை இலேசாக நிரப்பும், தீய தின்பண்டங்கள் இருந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். இவ்வளவே அதன் தொண்டு. இவ்வளவே நமக்குப் போதும். இம்மாதம் ஒவ்வோர் இல்லத்திலும் இரண்டு செயல்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். மாலை வேளையில் பொரித்த பண்டத்திற்கு மாற்றாக ஒரு தட்டு வெள்ளரியைக் கழுவி, அரிந்து, பிள்ளைகள் முன் வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம், மாத்திரைகளைத் தவறாது உட்கொள்கிறார்களா, யாருடைய சொல்லையேனும் கேட்டு நிறுத்திவிட்டார்களா என்று அன்போடு கேளுங்கள். வெள்ளரித் தட்டும் மாத்திரைப் பெட்டியும் ஒரே மேசையில் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதுதான் தவறு.